ஈடிபியை ஓட்டாமல் ஓட்டுவது எப்படி?

ஓமந்தூர்ப் பக்கம் புழுங்கல் அரிசி ஆலை போடப்போகும் தம்பிக்கு,

திண்டிவனம்–புதுச்சேரி சாலையை ஒட்டி இடம் வாங்கியாயிற்று, பூமி பூஜை போட்டாயிற்று, வங்கிக் கடனும் கைக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். இனி மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் கன்சென்ட் வாங்க வேண்டும். அதற்கு ஈடிபி என்கிற கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டியாக வேண்டும். கட்டுங்கள். கட்டுவதில் ஒரு கஷ்டமும் இல்லை, அதற்கும் சேர்த்துத்தான் கடன் போட்டிருப்பீர்கள். கட்டியதை ஓட்டவும் வேண்டுமா என்பதுதான் உங்கள் சந்தேகம் என்று உங்கள் மாமா சொன்னார். கரண்ட் பில், ஆள் சம்பளம், மருந்துச் செலவு எல்லாம் கூட்டிப் பார்த்ததிலிருந்து ராத்திரியில் தூக்கமே இல்லையாமே. கவலையை விடுங்கள். ஓட்டாமலே ஓட்டுவதற்கென்று நம் நாட்டில் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. பாலாற்றங்கரையிலும் நொய்யல் கரையிலும் பெரியவர்கள் பல வருஷம் பாடுபட்டு வளர்த்தது. தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

எடுத்த எடுப்பில் ஒரு எச்சரிக்கை. விசிட்டிங் கார்டில் ஊர்ப் பெயரைப் பெரிதாகப் போடாதீர்கள். ஓமந்தூர் என்றதும் ஜனங்களுக்கு ராமசாமி ரெட்டியார் ஞாபகம்தான் வரும். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்துக்கு முதல்வர். அன்றைக்கு அந்தப் பதவிக்குப் பிரதமர் என்று பெயர். சிபாரிசு என்று வந்தால் சொந்தக் கட்சிக்காரருக்கே முகம் கொடுக்காதவர் என்று பேரெடுத்தவர். பதவி போனதும் வடலூருக்குப் போய் வள்ளலார் பணியில் உட்கார்ந்துவிட்டார். அவர் ஊர்ப் பெயரும் கழிவைத் திருட்டுத்தனமாக வெளியே விடும் பைபாஸ் குழாயும் ஒரே லெட்டர்ஹெட்டில் இருந்தால் ஜாதகப் பொருத்தம் சரிவராது. ‘திண்டிவனம் அருகில்’ என்று போட்டுக்கொள்ளுங்கள். திண்டிவனத்துக்கும் கீர்த்தி உண்டு: டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை ரகங்களில் அந்த மூன்றெழுத்து திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தைத்தான் குறிக்கிறது. ஆனால் கடலை நம்மைக் கேள்வி கேட்காது.

ஊறல் தண்ணீரின் ஜாதகம்

ஏமாற்றுவதற்கு முன்னால் எதை மறைக்கப்போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு கிலோ நெல்லைப் புழுக்கினால் ஏறத்தாழ ஒரு லிட்டர் ஊறல் தண்ணீர் மிஞ்சும். நாளுக்கு ஐம்பது டன் நெல் என்றால் ஐம்பதாயிரம் லிட்டர். பழைய முறையில் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போடுவார்கள்; அது புளித்து நுரைத்து, ஆலை இருக்கும் இடத்தை அடுத்த ஊர் பஸ்ஸில் வருகிறவனுக்கும் அறிவித்துவிடும். மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் சொல்லிக்கொடுத்த வெந்நீர் முறையில் சுமார் 70 டிகிரிச் சூட்டில் மூன்று நான்கு மணி நேரத்தில் ஊறிவிடும், நாற்றமும் குறையும். எந்த முறையானாலும் நெல்லிலிருந்து இறங்கிய மாவும் சர்க்கரையும் அந்த மஞ்சள் தண்ணீரில்தான் இருக்கும்.

அதில் விஷம் கிடையாது. வில்லங்கமே அதில்தான். ஏரியில் கலந்தால் அங்கிருக்கும் கிருமிகளுக்குக் கல்யாணச் சாப்பாடு. அவை தின்னத் தின்னத் தண்ணீரில் இருக்கும் பிராணவாயு தீர்ந்துபோகும், மீன் மூச்சு முட்டிச் செத்து மிதக்கும். தின்று தீர்க்க எவ்வளவு பிராணவாயு வேண்டியிருக்கும் என்ற அளவுக்குத்தான் பி.ஓ.டி. என்று பெயர். ஏரி, ஆற்றில் விடுவதானால் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. நிலத்துக்குப் பாய்ச்சுவதானால் 100 வரை விடுவார்கள். ஊறல் தண்ணீரில் அது ஆயிரத்தைத் தாண்டிப் போகும்.

கலந்து அடிக்கும் கணக்கு

முதல் பாடம், தண்ணீரைத் தண்ணீராலேயே ஜெயிப்பது. அளவுகோல் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதானே இருக்கிறது? போர் தண்ணீரைக் கலந்துவிட்டால் லிட்டரும் கூடும், மில்லிகிராமும் இறங்கும். எட்டாம் வகுப்புக் கணக்கு. போட்டுப் பார்ப்போம். உங்கள் பி.ஓ.டி. 1,200 என்று வைத்துக்கொண்டால், அதை 30 ஆக்க நாற்பது மடங்கு பெருக்க வேண்டும். ஐம்பதாயிரம் லிட்டர் இருபது லட்சம் லிட்டர் ஆக வேண்டும். மிச்சம் பத்தொன்பதரை லட்சம் லிட்டரைப் பூமியிலிருந்து எடுக்க வேண்டும். 12,000 லிட்டர் லாரியில் அடித்தால் ஒரு நாளைக்கு 160 லோடுக்கு மேலே ஆகிறது. இவ்வளவு தண்ணீர் உங்கள் போரில் வருமானால், அரிசி ஆலையை மூடிவிட்டுத் தண்ணீர் லாரி விடுங்கள், சீக்கிரம் முன்னுக்கு வருவீர்கள்.

ஆகவே கலப்பது சாம்பிள் பாட்டிலுக்கு மட்டும். ஆலைக்கு அது கட்டுப்படியாகாது.

குழாய் போகும் வழி

இரண்டாவது பாடம் பைபாஸ். ஊறல் தொட்டியிலிருந்து ஒரு குழாய் ஈடிபிக்கும், மண்ணுக்கடியில் இன்னொன்று பின்பக்கத்து ஓடைக்கும். ஓடைக்குப் போகும் குழாயின் வால்வு மேலே ஒரு சிமெண்ட் பலகை, பலகை மேலே செம்பருத்திச் செடித் தொட்டி. பல ஊர்களில் இது வழக்கம். மற்ற செடியெல்லாம் வாடிக் கிடக்க, அந்த ஒரு தொட்டி மட்டும் அடிக்கடி இடம் மாறிய தடத்தோடு இருக்கும். அனுபவமுள்ள அதிகாரி நேராக அங்கேதான் போவார்.

குழாயின் அடுத்த முனையில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்து ஏரிகள் ஒன்றுக்கொன்று கால்வாயால் கோத்தவை. திண்டிவனம், வானூர், மரக்காணம் வட்டாரத்து ஏரிகள் பலவற்றின் மிகைநீர் கடைசியில் கழுவெளிச் சதுப்புநிலத்துக்குப் போய், எடையந்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடலில் சேர்கிறது. அந்தக் கழுவெளியை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல். இத்தனை காலம் உங்கள் குழாய் முனையில் வெறும் ஏரிதான் இருந்தது. இப்போது வனத்துறையும், பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலையும் காலேஜ் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் செல்போனில் எடுக்கும் படத்தில் தேதி, நேரம், இடம் மூன்றும் பதிவாகும்.

‘ராத்திரியில்தானே திறப்போம்’ என்பீர்கள். ராத்திரியில் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியும். வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் பி.ஓ.டி. பார்க்க மூன்று நாள் ஆகும். விடியற்காலை ஆடு ஓட்டிக்கொண்டு வரும் ஆயாவுக்கு மூன்று நிமிஷம் போதும். “எவன்டா தண்ணிய உட்டது? ஆடு வாய் வைக்க மாட்டேங்குது” என்று ஓடைக்கரையில் நின்று அவர் சத்தம் போட்டால் அதற்கு அப்பீல் கிடையாது.

மழைக்காலம் வரைக்கும் தேக்கிவைத்து, ஐப்பசி அடைமழையில் வெள்ளத்தோடு வெள்ளமாகத் திறந்துவிடும் பழைய வித்தை ஒன்று இருக்கிறது. ஒன்பது மாதத்து ஊறல் தண்ணீரைத் தேக்க ஒரு ஏரி அளவுக்குக் குழி வேண்டும், அவ்வளவுதான் சிரமம். வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருஷம் ஆலைக்குள்ளேயே படகு விட்டுக்கொள்ளலாம்.

கைவிட்ட போரில் இறக்கிவிடும் முறையைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். நானும் எதிர்க்கவில்லை, ஏனென்றால் இதுவும் ஒருவகை மறுசுழற்சி. பழைய போரில் இறக்கியது மண்ணுக்கடியில் மெல்ல நகர்ந்து, பக்கத்தில் இருக்கும் உங்கள் புதுப் போருக்கே வந்து சேரும். பாய்லரில் உப்பு படியும், குழாய் அடைக்கும், வீட்டில் டீ கருக்கும். அண்டை வயல்காரர் தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்குப் போவார். திங்கட்கிழமைதோறும் மனுநாள். அவரும் ஒரு திங்கட்கிழமை விடமாட்டார்.

அதிகாரி வரும் நாள்

மூன்றாவது பாடத்துக்குத்தான் கிராக்கி அதிகம். அதிகாரி வரும் அன்றைக்கு மட்டும் ஈடிபியை ஓட்டுவது. வாசலில் வாட்ச்மேனுக்கு ஒரு போன், ஜீப் தலை தெரிந்ததும் புளோயர் ஸ்விட்ச். காற்றுத் தொட்டியில் குமிழி வந்துவிடும். குமிழிக்குப் பஞ்சமில்லை, குமிழிக்குள்ளே இருக்க வேண்டியதுதான் இருக்காது.

அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். ஈடிபியில் வேலை செய்வது மோட்டார் இல்லை, அந்தத் தொட்டியில் வளரும் கிருமிக் கூட்டம். புதிதாகத் தொடங்கும்போது ஆபரேட்டர்கள் சாணியைக் கரைத்து ஊற்றுவார்கள், வெல்லம் போடுவார்கள், யூரியாவும் டி.ஏ.பி.யும் கொஞ்சம் தூவுவார்கள். கூட்டம் பெருகி நிலைக்கப் பல வாரம் பிடிக்கும். காற்றை நிறுத்தினால் சீக்கிரமே மூச்சு முட்டும்; ரெண்டு மூன்று நாள் நிறுத்திவைத்தால் தொட்டி கறுத்து, அழுகின முட்டை வாசம் அடிக்கும். ஈடிபி ஒரு கறவை மாடு மாதிரி, தம்பி. அதிகாரி வருகிற நாளில் மட்டும் தீனி போட்டுவிட்டு, அவர் எதிரே கறந்து காட்ட முடியாது.

இதைக் கண்டுபிடிக்க அதிகாரிக்குப் பெரிய கருவியும் வேண்டாம். ஒரு லிட்டர் கண்ணாடி அளவைக்குழாய் போதும். தொட்டித் தண்ணீரை அதில் நிரப்பி ஜன்னல் ஓரமாக மேஜையில் வைப்பார். வாட்சைப் பார்ப்பார். உயிருள்ள தொட்டியாக இருந்தால், காப்பிப்பொடி நிறத்தில் பஞ்சு பஞ்சாகத் திரண்டு, மெல்ல இறங்கி, அரைமணி நேரத்தில் அடியில் கால் பாகத்துக்கு ஒரு மெத்தை படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். செத்த தொட்டியானால் அரைமணி கழித்தும் குழாய் முழுக்க ஒரே கலங்கலாக இருக்கும், இல்லாவிட்டால் அடியில் விரல்கடை அளவு கறுப்பு மண்ணும் மேலே கழுநீரும் தெரியும். அந்த அரைமணி நேரமும் அவர் உங்கள் எதிரில் சும்மா உட்கார்ந்திருப்பார். நீங்கள் கொடுத்த இளநீரைக்கூடத் தொடமாட்டார். அந்த அரைமணியைத் தாங்கும் நெஞ்சு உங்களுக்கு இருந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

லாக் புக் எழுதுவது தனிக்கலை. வருஷத்துக்கும் சேர்த்து ஒரே ராத்திரியில், ஒரே பேனாவில் எழுதாதீர்கள். ஆயுத பூஜை, பொங்கல், ஆலைக்கு லீவு விட்ட நாளிலெல்லாம் பி.எச். 7.2 என்று எழுதி வைத்தால் சிரிப்பார்கள். ஈடிபிக்குத் தனி மின்மீட்டர் வைக்கச் சொல்வார்கள். மீட்டர் ஓட வேண்டுமே என்று அதே லைனில் தறி ஓட்டியவர், குளிர்சாதனப் பெட்டி மாட்டியவர் என்று இந்தத் துறையில் மேதைகள் உண்டு. யோசித்துப் பாருங்கள்: யூனிட் எரிகிறது, பில் வருகிறது, பணமும் கட்டுகிறோம். புளோயரை ஓட்டியிருந்தாலும் அதே பில்தான்.

பெரிய மாசுத் தொழில்களாகப் பதினேழு வகையைப் பிரித்து, அவர்கள் வாய்க்காலில் ஆன்லைன் சென்சார் வைக்க வேண்டும் என்று மத்திய வாரியம் 2014ல் உத்தரவு போட்டது. சென்சாரை எடுத்து ஒரு பாட்டில் நல்ல தண்ணீரில் முக்கி வைக்கும் யோசனை அடுத்த நாளே பிறந்திருக்க வேண்டும். இருபத்துநாலு மணி நேரமும், முந்நூற்றறுபத்தைந்து நாளும், கோடையிலும் குளிரிலும் ஒரே எண்ணைக் காட்டும் ஆலை உலகத்திலேயே கிடையாது என்பதைத்தான் பாட்டில் வைத்தவர்கள் மறந்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் அந்த நேர்கோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

திருப்பூர்ப் பல்கலைக்கழகம்

மேல்படிப்புக்குத் திருப்பூர் போக வேண்டும். இந்த சாஸ்திரத்தை அவ்வளவு பெரிய அளவில் பரீட்சை செய்து, ரிசல்ட்டையும் அனுபவித்த ஊர் நாட்டில் அதிகம் இல்லை.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். ஒரு லிட்டர் சாயத்தண்ணீருக்கு ஐம்பது கிராம் உப்பு என்பது சாதாரணம். சாயம் துணியில் ஏறிக்கொள்ளும், உப்பு ஏறாது. போட்டது அப்படியே வெளியே வரும். 1990களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டிச் சுண்ணாம்பும் பெர்ரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தை இறக்கினார்கள். பார்க்கத் தெளிவாக இருந்தது. உப்பைத் தின்னும் கிருமியும் கிடையாது, உப்பு சுண்ணாம்புக்கும் மசியாது. தெளிந்த உப்புத் தண்ணீர் நொய்யலில் போனது, கூடவே மலைபோல் சாயக்கசடு சேர்ந்தது.

கீழே ஒரத்துப்பாளையத்தில் 1992ல் பாசனத்துக்கென்று அணை கட்டியிருந்தார்கள். சில வருஷத்திலேயே அது சாயத்தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது. மற்ற ஊர் விவசாயிகள் அணையைத் திறக்கச் சொல்லிப் போராடுவார்கள். இங்கே, ஐயா தயவுசெய்து திறந்துவிடாதீர்கள் என்று கேட்டார்கள். கிணறு உப்பாயிற்று, தென்னை காய்ந்தது. நொய்யல் ஆயக்கட்டுக்காரர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது: 2007 ஜூலைக்குள் ஒரு சொட்டும் வெளியே வரக்கூடாது, அதுவரை வெளியே விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் முதலில் 6 பைசா, அப்புறம் 8, அப்புறம் 10 பைசா கட்ட வேண்டும்.

பைசா! ஆலைக்காரர் காதுக்கு எவ்வளவு இனிமையான சொல். மிட்டாய்கூட வாங்க முடியாத காசு. ஆனால் நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர் விடுகிற நிலையத்துக்குப் பத்து பைசா வீதம் தினம் ஒரு லட்சம் ரூபாய். சாயப்பட்டறை உரிமையாளர் சங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2009 அக்டோபரில் கொஞ்சம் அவகாசம் கிடைத்ததோடு சரி, வாதம் எடுபடவில்லை. அந்த அவகாசமும் போனது. 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும் பொது நிலையங்களையும் மொத்தமாக மூடி மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறை. ஒரே உத்தரவில் சாயம் ஏற்ற ஆளில்லாமல் பனியன் துணி வெள்ளையாகத் தேங்கியது. கள்ளத்தனமாக வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சாயம் போட்ட கதைகளும் அந்தக் காலத்தில் கிளம்பின. ஊர் மாற்றுவதும் நம் சாஸ்திரத்தில் ஒரு அத்தியாயம்தான். லாரி வாடகையை யாரும் அதில் எழுதுவதில்லை.

பிறகு நடந்ததை உங்களிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். படித்தால் கெட்டுப்போவீர்கள். அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. உயிரியல் தொட்டி, அதன் பின்னால் ஆர்.ஓ., அதன் பின்னால் ஆவியாக்கி என்று வரிசையாக நிலையங்களைத் திருத்திக் கட்டினார்கள். சாதா உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட் போட்டுச் சாயம் ஏற்றினால், ஆர்.ஓ. கழித்துத் தள்ளும் உப்புக்கரைசலைச் சுத்தம் செய்து அப்படியே மறுபடி சாயத்தொட்டிக்கு அனுப்பலாம் என்று அருள்புரம் பொது நிலையத்தில் செய்து காட்டினார்கள். உப்பு வாங்கும் செலவு குறைந்தது, ஆவியாக்கும் செலவும் குறைந்தது. நூறு லிட்டர் போனால் தொண்ணூறுக்கு மேல் திரும்பி வருகிறது. காவிரித் தண்ணீரைக் குழாயில் காசு கொடுத்து வாங்கும் ஊரில், தண்ணீர் பட்டறையைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

குறையும் இருக்கிறது, மறைப்பானேன்? ஆவியாக்கிக்கு விறகும் கரண்டும் ஏராளம் தின்னக் கொடுக்க வேண்டும். பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டில் கிடக்கிறது. சிறிய பட்டறைக்காரர் லிட்டருக்கு ஆகும் செலவைத் துணிக்காரரிடம் கேட்டால், அவர் வெளிநாட்டு பையரிடம் கேட்க மாட்டார். மூன்று டாலர் டி-ஷர்ட்டின் விலையில் நொய்யலுக்கு என்று ஒரு காசு இருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. ஒரு சொட்டும் வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் எல்லாத் தொழிலுக்கும் மருந்து என்று அதிகாரிகள் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். உங்கள் தண்ணீருக்கு அது தேவையே இல்லை. அவர்கள் தண்ணீரில் இருந்தது உப்பு, உங்கள் தண்ணீரில் இருப்பது சோறு.

வழக்கை இழுத்துக்கொண்டே போகலாமே என்று உங்கள் வக்கீல் சொல்லக்கூடும். சொல்பவருக்கு ஆதாரம் இருக்கிறது. பாலாற்றுத் தோல் ஆலைகள் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று சுப்ரீம் கோர்ட், கெடுத்தவன்தான் காசு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி, ஆலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் போட்டது. 2025 ஜனவரியில் அதே பாலாறு, அதே தோல்கழிவு, மறுபடி அதே கோர்ட். இழுக்க முடியும்தான். வக்கீல் வீட்டுப் பேரப்பிள்ளைகள் படித்து முடிப்பார்கள்.

கேலி இல்லாத ஒரு இடம்

ஈடிபித் தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள். அடைப்பு எடுக்க, கசடு வார, மோட்டாரைத் தூக்க, எதற்கும் வேண்டாம். நின்றுபோன தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கியிருக்கும். முதலில் நாறும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது. முதலில் இறங்கியவர் விழுவார், அவரைத் தூக்க இறங்குகிறவர் அவர்மேல் விழுவார். நம் மாநிலத்தில் இது எத்தனை முறை நடந்திருக்கிறது. தொட்டிக்கு வெளியே இருப்பவர்களுக்கும் பத்திரமில்லை. ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 பின்னிரவில், தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது பாய்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள். ஓட்டாத நிலையத்தில் கசடு எங்கேயும் போகாது, ஏதோ ஒரு சுவருக்குப் பின்னால் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

கெட்ட சகவாசம்

சிலரோடு மட்டும் சேராதீர்கள். சேர்ந்தால் தொழில் மீது இருக்கும் நல்லெண்ணமே போய்விடும். மணலியில் இருக்கும் பெட்ரோலிய ஆலையும் உர ஆலையும் 1990களின் தொடக்கத்திலேயே சென்னைச் சாக்கடைத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிச் சுத்தம் செய்து, குளிர்விக்கவும் பாய்லருக்கும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. நாம் விரட்டி விரட்டி வெளியே தள்ளுவதை, அவர்கள் விலை பேசி உள்ளே இழுக்கிறார்கள்! 2019ல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளைக்குத் தலா நாலரைக் கோடி லிட்டர் சாக்கடையை ஆர்.ஓ. வரை கொண்டுபோகும் நிலையங்கள் வந்தன. கோயம்பேட்டுத் தண்ணீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளுக்குப் போகிறது. அந்த வருஷம் சென்னை ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது ஞாபகம் இருக்கும். சாக்கடை மட்டும் வறளவில்லை. கோடையிலும் குறையாத ஒரே ஊற்று அதுதான் என்பதை மற்ற ஆலைக்காரர்கள் அப்போதுதான் கண்டுகொண்டார்கள்.

சிங்கப்பூர்க்காரர்கள் இன்னும் மோசம். 2002ல் தேசிய தினத்தன்று பிரதமர் கோ சோக் தோங்கே சாக்கடையைச் சுத்திகரித்த மறுசுழற்சித் தண்ணீர் பாட்டிலை உயர்த்திக் குடித்துக் காட்டினார். இன்றைக்கு அதில் பெரும்பகுதியை வாங்குவது சிப் தயாரிக்கும் தொழிற்சாலைகள் மாதிரி ஆலைகள்தான்; குழாய்த் தண்ணீரைவிட அதில் உப்பு கம்மி என்பதால்.

இவ்வளவு தூரம் போவானேன், முண்டியம்பாக்கம் பக்கம் கரும்பு லாரிகளுக்குப் பின்னால் போனாலே போதும். கரும்பில் ஏறக்குறைய எழுபது சதவீதம் தண்ணீர். ஒரு டன் கரும்பை அரைத்துச் சாறு காய்ச்சினால் எழுநூறு லிட்டர் கிட்டே ஆவியாகித் திரும்பவும் வெந்நீராகக் கையில் கிடைக்கும். ஒழுங்காக நடத்தினால் சர்க்கரை ஆலைக்கு வெளித்தண்ணீர் ரொம்பவும் தேவைப்படாது. தண்ணீரோடு வருகிற சரக்கை வாங்கிவிட்டு, போர் போட்டு இன்னும் தண்ணீர் எடுத்து, ரெண்டையும் சேர்த்து வாய்க்காலில் விடுவதுதான் நம் மரபு. மரபை விட முடியுமா?

உங்களுக்கும் இந்த ஆசை வந்துவிடும் என்றுதான் பயப்படுகிறேன். ஊறல் தண்ணீர் சூடாகவே வெளியே வருகிறது, அதன் சூட்டைப் புதுத் தண்ணீருக்கு மாற்றினால் உமி மிச்சம். காற்றுப்புகாத தொட்டியில் விட்டால் உள்ளிருக்கும் மாவுச்சத்து மீத்தேன் வாயுவாகி அடுப்புக்கு ஆகும், பி.ஓ.டி.யில் பெரும்பகுதி அங்கேயே தீரும். மிச்சத்துக்குச் சின்னதாக ஒரு காற்றுத் தொட்டி போதும், கரண்ட் பில்லும் சின்னதாகும். அப்புறம் மணல் வடிகட்டி, கரி வடிகட்டி தாண்டி வந்த தண்ணீரைக் களம் கழுவ, தோட்டத்துக்குப் பாய்ச்ச, சோதித்துப் பார்த்து ஊறலுக்கே கூடத் திருப்பலாம். பக்கத்தில் நாலு ஆலை சேர்ந்தால் செலவும் நாலாகப் பிரியும். இதெல்லாம் உங்களுக்குச் சொல்லக்கூடாத விஷயம். சொன்னதாக மாமாவிடம் காட்டிக்கொள்ளாதீர்கள்.

மீன் தொட்டி

கடைசியாக, பல ஆலைகளில் இருக்கும் சம்பிரதாயம். சுத்திகரித்த தண்ணீரில் மீன் விட்டு ஆபீஸ் வாசலில் வைப்பது. வருகிறவர்களுக்கு அறிக்கையைக் காட்டுவதைவிட மீனைக் காட்டுவது சுலபம். எந்த மீன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தங்கமீன் அழகுதான், ஆனால் தண்ணீர் ரொம்பக் கெட்டால் பெயிண்ட் உரிந்த மாதிரி வெளிறி, வயிறு மேலே திரும்பிவிடும். கட்லா, ரோகு வகைகள் பிராணவாயு குறைந்தால் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதைப் பார்த்த மாத்திரத்தில் அதிகாரிக்குப் பி.ஓ.டி. ரிப்போர்ட் வேண்டியிருக்காது. ஜிலேபிக் கெண்டை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், கழுநீரிலும் குஞ்சு பொரித்துப் பெருகும். அதற்கும் மேலே போனால் ஆப்பிரிக்கக் கெளுத்தி. தண்ணீர் எப்படி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை, மேலே வந்து காற்றையே நேராகச் சுவாசித்துக்கொள்ளும். ஈடிபியை ஒரு நாளும் ஓட்டாத ஆலைக்கு ஏற்ற மீன் அது ஒன்றுதான். ஆனால் அதை வளர்க்க இந்தியாவில் தடை இருக்கிறது. மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பதில் சொல்லி முடித்த கையோடு மீன்வளத் துறைக்கும் பதில் எழுத வேண்டியிருக்கும். அந்தக் கடிதத்தை எழுதிக்கொடுக்க எனக்குத் தனி ஃபீஸ்.